மீட்டரில் 12 வோல்ட் வருது... பி.டி.ஓ மட்டும் எடுக்க மாட்டேங்குதே?

இந்த முறை ஒரே கேள்விக்கு முக்கால்வாசி இடம் போய்விட்டது. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு அறுவடை அவசரம். அதோடு, டிராக்டர் வைத்திருக்கும் பலரும் பணத்தைத் தொலைக்கிற இடம் இது. கையைக் காலைத் தொலைக்கிற இடமும் இதுதான்.

கேள்வி: "திருவாரூர் மாவட்டத்தில் இருந்து எழுதுகிறேன். நானும் அண்ணனும் சேர்ந்து பழைய 50 ஹெச்.பி டிராக்டர் ஒன்று வாங்கினோம். பி.டி.ஓ-வை லீவரில் போடாமல் சுவிட்சில் போடுகிற மாடல். பின்னால் வைக்கோல் கட்டும் மெஷின் மாட்டி, சம்பா அறுத்த வயல்களில் கட்டுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டுகிறோம். காலையில் சுவிட்சைத் தட்டினால் உடனே எடுக்கிறது. பதினொரு மணிக்கு மேல், பனி ஈரம் போய் வைக்கோல் கட்டுவதற்குத் தோதாக வரும்போதுதான் படுத்துக்கொள்கிறது. ஒருமுறை நிறுத்தினால் திரும்ப எடுக்காது. சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி எடுக்கும். மெக்கானிக் வந்து பார்த்தார். காயிலுக்கு வரும் சாக்கெட்டைக் கழட்டி மீட்டர் வைத்ததில் 12.4 வோல்ட் காட்டியது. 'ஒயரிங் சுத்தமா இருக்கு, கிளட்ச் பிளேட்தான் போயிடுச்சு, வண்டியை ரெண்டாப் பிரிக்கணும், முப்பதாயிரத்துக்கு மேல ஆகும்' என்கிறார். அதுவரைக்கும் சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை டைரக்ட் பண்ணி ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொல்கிறார். பண்ணலாமா? மெக்கானிக் எனக்கு மச்சான் முறை. தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்."

பதில்: பெயரைப் போடவில்லை. மச்சானிடம் நல்லபடியாகவே பேசுங்கள், அவர் செய்த தவறு நானும் செய்ததுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம். வண்டியைப் பிரிக்காதீர்கள். சீட் சுவிட்சில் கை வைக்காதீர்கள். கடிதம் கிடைத்த அன்றே இதைத்தான் போனில் சொன்னேன். ஏன் என்பதை இப்போது எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் மாதிரி வண்டியில் சுவிட்சைத் தட்டினால், கரண்ட் ஒரு சோலினாய்டு காயிலுக்குப் போகும். காயில் காந்தமாகி உள்ளே இருக்கும் ஒரு வால்வைத் தள்ளும். வால்வு திறந்து ஆயில் பிரஷர் கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கும். அதற்கு அப்புறம்தான் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆறு பல் தண்டு சுற்றும். ஆக, பேட்டரியில் தொடங்கி ஃபியூஸ், சாவி, பி.டி.ஓ சுவிட்ச், சீட் சுவிட்ச், இடையில் நாலைந்து சாக்கெட், காயில், கடைசியில் எர்த் என்று ஒரு நீளமான வாய்க்கால். இதில் எங்கே மண் மேடு தட்டினாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. டெல்டாக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் மச்சான் மீட்டரில் 12.4 காட்டியது பொய்யா? இல்லை, உண்மைதான். ஆனால் அவர் அளந்த முறையில் பழுது தெரியாது. சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் தோட்டத்தில் இருக்கும் ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டர், பின்னால் ஒரு பிரஷர் மீட்டர். ஃபில்டர் அடைத்துக் கிடந்தாலும், வயல் கேட்வால்வை மூடி வைத்திருந்தால் இரண்டு மீட்டரும் ஒரே அளவுதான் காட்டும். வால்வைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் பின் மீட்டர் இறங்கும். அந்த வித்தியாசம்தான் அடைப்பு. கரண்டும் அப்படியே. சாக்கெட்டைக் கழட்டியது வால்வை மூடியதற்குச் சமம். டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. ஓட்டம் இல்லாத இடத்தில் களிம்பு பிடித்த சாக்கெட்டும் தங்க ஒயரும் ஒன்றுதான். அதனால் காயில் மாட்டியிருக்கும்போது, சுவிட்ச் போட்டிருக்கும்போது, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சின்ன எல்.இ.டி எரியும் டெஸ்டரை நம்பி ஏமாறுவதும் இதே கதைதான்.

காலையில் எடுப்பதும் வெயில் ஏறினால் படுத்துக்கொள்வதும் ஏன்? கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்பட வேண்டாம். காயிலின் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு உதாரணம்தான், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். 12 வோல்ட் முழுசாக வந்தால் 3 ஆம்பியர் ஓடும். வழியில் ஏதோ ஒரு சாக்கெட்டில் களிம்பு பிடித்து 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது. மொத்தம் 5 ஓம், 2.4 ஆம்பியர்தான் ஓடும். காயிலுக்குக் கிடைப்பது 9.6 வோல்ட். மீதி 2.4 வோல்ட்டை அந்தச் சாக்கெட் தின்றுவிடுகிறது. காலையில் காயில் குளிர்ந்திருப்பதால் இந்த 2.4 ஆம்பியரிலும் வால்வு எப்படியோ தள்ளிவிடும்.

செம்புக் கம்பி சூடானால் அதன் தடை கூடும். 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் 4 சதவிகிதம். காலையில் 30 டிகிரியில் இருந்த காயில், ஆயில் சூடும் தன் சூடும் சேர்ந்து 80-க்குப் போனால், 4 ஓம் கிட்டத்தட்ட 4.8 ஆகிவிடும். ஒயரிங் நன்றாக இருந்தால் அப்போதும் 2.5 ஆம்பியர் கிடைக்கும், வண்டி ஓடும். கம்பெனிக்காரர்கள் இந்தச் சூட்டை எதிர்பார்த்துத்தான் காயில் செய்கிறார்கள். ஆனால் சூடும் களிம்பும் ஒன்றாகச் சேர்ந்தால் 2.1 ஆம்பியருக்குக் கீழே வந்துவிடும். காந்த இழுவை கரண்டின் அளவுக்கு நேராகக் குறைவதில்லை, அதன் வர்க்கத்தில் குறையும். 3 ஆம்பியரில் இருந்த இழுவை 2.1-க்கு வரும்போது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சூடு தனியாக வந்தால் தாங்கும், களிம்பு தனியாக வந்தாலும் தாங்கும், இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் தாங்காது. அரை மணி ஆறவிட்டால் கூட்டாளி ஒருவன் கழன்றுகொள்கிறான், வண்டி எடுக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் முதலில் நழுவும், கனமான விண்ட்ரோவில் மெஷின் திணறும், தீய்ந்த வாடை வரும். சட்டென்று எடுக்காமல் போய், ஆறினால் ஒன்றும் நடக்காத மாதிரி எடுப்பது பெரும்பாலும் கரண்ட் கோளாறுதான்.

இனி அளக்கிற முறை. அதற்கு முன், டிராக்டரையும் வைக்கோல் மெஷினையும் இணைக்கும் ஷாஃப்டை டிராக்டர் பக்கத்தில் இருந்து கழட்டிக் கீழே வைத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை. என்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி மட்டும் ஆன். சில மாடல்களில் என்ஜின் ஓடினால்தான் காயிலுக்குக் கரண்ட் போகும். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையை நின்றபடி தனியாகச் செய்ய வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். உங்கள் வண்டி சாவி ஆனிலேயே கரண்ட் கொடுக்கிறது என்று போனில் சோதித்துத் தெரிந்துகொண்டோம். சீட்டில் ஆள் இருந்தால்தான் கரண்ட் போகும் என்பதால் அண்ணன் சீட்டில், தம்பி மீட்டரோடு கீழே.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். காலையில் வண்டி நல்ல பிள்ளையாக இருக்கும்போது அளந்தால் நல்ல பிள்ளை அளவுதான் வரும். பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்ட உடனே, சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். மறுநாள் அப்படித்தான் செய்தார்கள். வயலிலேயே, வரப்போரம் நிறுத்தி. அவர் எழுதி அனுப்பிய கணக்கை அப்படியே தருகிறேன்.

பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே, பி.டி.ஓ சுவிட்ச் போட்டிருக்கும்போது 12.4 வோல்ட். அதாவது பேட்டரி பரவாயில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ், 12-க்கு வந்துவிட்டால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். அடுத்தது காயில். சாக்கெட்டைக் கழட்டாமல், ஒயர் நுழையும் பின்பக்கத்தில் மெல்லிய குண்டூசியைச் செருகி அதில் மீட்டர் முனையை வைக்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள், குத்திய ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்குக் களிம்பு உள்ளே போகும். காயிலின் இரண்டு ஒயருக்கும் நடுவே 9.7 வோல்ட். பேட்டரியில் 12.4, காயிலில் 9.7. வழியில் 2.7 வோல்ட்டைக் காணோம்.

தொலைந்தது பிளஸ் பக்கமா, எர்த் பக்கமா? மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொரு முனை காயிலின் மைனஸ் ஒயரில். 0.3 காட்டியது. எர்த் பக்கம் 0.2-க்குள் இருந்தால் நல்லது, ஆக இது கொஞ்சம் கூடுதல், ஆனால் முக்கியத் திருடன் இவனில்லை. பிறகு ஒரு முனை பேட்டரி பிளஸில், இன்னொரு முனை காயிலின் பிளஸ் ஒயரில். 2.4. இந்தப் பக்கம் மொத்தமாக அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே தேட வேண்டும். 2.4 என்றால் பட்டப்பகல் கொள்ளை.

இப்போது வழிநெடுக ஒவ்வொரு இடமாக, ஒரு முனை இந்தப் பக்கமும் இன்னொரு முனை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஃபியூஸுக்குக் குறுக்கே 0.1. பி.டி.ஓ சுவிட்சுக்குக் குறுக்கே 0.2. சீட்டுக்கு அடியில், சீட் சுவிட்சுக்கு ஒயர் போகும் சாக்கெட்டுக்குக் குறுக்கே 1.9! மீதி 0.2 மற்ற சாக்கெட்டுகளிலும் ஒயரிலுமாகப் போனது. கழட்டிப் பார்த்தால் ஒரு பின் முழுக்கப் பச்சையாகக் களிம்பு, பக்கத்தில் பிளாஸ்டிக் லேசாக உருகி பழுப்பேறியிருந்தது. கரண்ட் தொலைகிற இடத்தில் அது சூடாகத்தான் வெளியே வரும். அதனால் ஓடி நின்றதும் ஒவ்வொரு சாக்கெட்டையும் தொட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே நில்லுங்கள்.

அந்த இடத்தில் எப்படிக் களிம்பு வந்தது? அவரே எழுதியிருக்கிறார்: "யூரியா மூட்டையை சீட்டுக்குப் பின்னால் போட்டுத்தான் வயலுக்குக் கொண்டுபோவோம்." உரத் தூள் கொஞ்சம் சிந்தும், பனியில் கரையும், செம்பைத் தின்னும். வாட்டர் வாஷ் செய்கிற இடத்தில் சீட்டுக்கு அடியில் பிரஷராக அடிக்கிற தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மச்சான் சொன்னபடி சீட் சுவிட்சை டைரக்ட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வண்டி ஓடியிருக்கும்! நாள் முழுக்க, வெயிலிலும் ஓடியிருக்கும். பழுதான சாக்கெட்டைத் தாண்டி ஒயர் போட்டதுபோல் ஆகியிருக்கும். "சீட் சுவிட்ச்தான் கோளாறு, நான் அப்பவே சொன்னேன்ல" என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். அந்த ஒயர் அப்படியே வருஷக்கணக்கில் கிடந்திருக்கும், வண்டியை அடுத்தவருக்கு விற்கும்போதும் கூடவே போயிருக்கும்.

சீட்டில் இருந்து ஆள் இறங்கினால் பி.டி.ஓ-வை நிறுத்துவதுதான் அந்தச் சுவிட்சின் ஒரே வேலை. வைக்கோல் மெஷினில் அடைப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இறங்கிப் போய் கையால் இழுக்கிறோம். நிறுத்திவிட்டு இறங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேகம் கறுத்து, இன்னும் இருபது கட்டு பாக்கி இருக்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துவிடும். பி.டி.ஓ நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு 9 சுற்று. ஷாஃப்ட் குழாய் 5 சென்டிமீட்டர் தடிமன் என்றாலும், ஒரு நொடியில் 140 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டிவிடும். நாலு முழ வேட்டி முழுசாகப் போக ஒன்றரை நொடி ஆகாது. கை நகர்த்தி லீவரைப் பிடிப்பதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது. துண்டு, சேலைத் தலைப்பு, முழுக்கைச் சட்டை, தலைமுடி எதற்கும் அதே கணக்குதான். ஷாஃப்ட் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்து கிடக்கும் மெஷின்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உறை இல்லாமல், சீட் சுவிட்சும் இல்லாமல் ஓட்டினால் நடுவில் தடுப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

சீட் சுவிட்சே கெட்டிருந்தால்? புதிது வாங்கி மாட்டுங்கள். கிடைக்க நாலு நாள் ஆகும் என்றால் நாலு நாள் நிறுத்துங்கள், அல்லது பக்கத்து வண்டியைக் கேளுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

பழுது பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழட்டிவிட்டு அந்தச் சாக்கெட்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, ரப்பர் வளையம் வைத்த, தண்ணீர் புகாத புதுச் சாக்கெட் போட்டார்கள். ஒயர் முனை உள்ளேயும் கறுத்திருந்ததால் பளபளப்பான செம்பு தெரிகிற வரை வெட்டச் சொன்னேன். பின்னை பிளையரில் நசுக்காமல் அதற்கான கிரிம்பிங் கருவியில் அழுத்தினார்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை டிராக்டரில் ஆகாது, அதிர்ச்சிக்கு ஒரு மாதம் தாங்காது. எர்த் போல்ட்டைக் கழட்டி, அடியில் இருந்த துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார்கள். மறுபடி அளந்ததில் காயிலில் 11.6. வெயில் ஏறியும் எடுக்கிறது, நிறுத்திப் போட்டாலும் எடுக்கிறது என்று எழுதியிருக்கிறார். அளந்தது தம்பி, சாக்கெட் மாற்றிக் கொடுத்தது அதே மச்சான்தான். கூலி வாங்கவில்லையாம்.

எல்லா வண்டியும் இப்படியே முடியும் என்று நினைக்க வேண்டாம். சூடாக இருக்கும்போதும் காயிலில் பேட்டரிக்கு ஒரு வோல்ட்டுக்குள் குறைவாக வருகிறது, ஆனாலும் எடுக்கவில்லை என்றால் ஒயரிங்கை விட்டுவிடுங்கள். ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரின் முனையைக் காயிலின் மேல் நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சுவிட்ச் போட்டதும் இழுத்துப் பிடித்தால் காயில் வேலை செய்கிறது. பிடிக்கவில்லை என்றால் சாக்கெட்டைக் கழட்டி காயிலின் ஓம் அளந்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். காயிலும் நன்றாக இருந்தால் வால்வு சிக்கியிருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். அதெல்லாம் பார்த்து, பிரஷர் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் பிளேட்டைப் பற்றிப் பேச வேண்டும். வண்டியை இரண்டாகப் பிரிப்பது வரிசையில் கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

என் தவறைச் சொல்வதாகச் சொன்னேனே. பட்டறையில் இருந்த காலத்தில் ஒருவர் இதே மாதிரி குறையோடு வந்தார். சாக்கெட்டைக் கழட்டினேன், 12 காட்டியது, காயில்தான் என்று முடிவுகட்டிப் புதுக் காயில் மாற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு எடுத்தது. காயில் மாற்றியதால் அல்ல, மாற்றுகிற நேரத்தில் வண்டி ஆறிவிட்டதால்! மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அப்புறம் எர்த் போல்ட்டைக் கழட்டினால் அடியில் நல்ல கெட்டியாக நீலப் பெயின்ட். ஆயுத பூஜைக்கு வண்டியைப் புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று எல்லாவற்றையும் சேர்த்து அடித்திருந்தார்கள். காயில் விலையைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து, பெயின்ட் அடித்து வந்த வண்டி என்றால் எர்த்தில்தான் முதலில் கை வைப்பேன்.

லீவர் பி.டி.ஓ வண்டிக்காரர்கள் "நமக்கு இது வேண்டாம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காலையில் ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றுகிறதா? புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன்னால், ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரிக் கடைக்கு அதற்கு அப்புறம் போகலாம்.

கேள்வி: "ஈரோடு பக்கம் மஞ்சள் விவசாயம். எங்கள் வண்டியும் சுவிட்ச் பி.டி.ஓ. ஆறு மாதத்தில் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது. கம்பெனிக் காயில்தான் போட்டோம். ஹெட்லைட் பல்பும் அடிக்கடி போகிறது."

பதில்: கடைசி வாக்கியத்தில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். முதல் கேள்விக்காரருக்கு வோல்ட் பற்றாக்குறை, உங்களுக்கு வோல்ட் அதிகம். என்ஜினை ஓரளவு வேகத்தில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8-ல் இருந்து 14.4 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் டைனமோவின் ரெகுலேட்டர் போய்விட்டது. 14-க்குப் பதில் 15.5 வந்தால் காயிலில் கிளம்பும் சூடு சுமார் 22 சதவிகிதம் கூடும். ரொட்டவேட்டரை நாள் முழுக்க ஓட்டினால் அந்தச் சூடு காயிலின் வார்னிஷைக் கருக்கிவிடும். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரம் குறைகிறதா என்றும் பாருங்கள், அதுவும் இதன் அடையாளம். பேட்டரி டெர்மினல் லூஸாக இருந்தாலும் வோல்ட் துள்ளும், முதலில் அதை இறுக்குங்கள். ரெகுலேட்டரை மாற்றாமல் மூன்றாவது காயில் வாங்காதீர்கள். இன்னொன்று, என்ஜினை நிறுத்திவிட்டு சாவியையும் பி.டி.ஓ சுவிட்சையும் ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். குளிர்விக்க ஆயில் ஓட்டம் இல்லாமல் காயில் சும்மா வெந்துகொண்டிருக்கும்.

கேள்வி: "ரொட்டவேட்டர் ஓட்டும்போது பி.டி.ஓ ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 20 போட்டால் நிற்கிறது. அப்படியே விடலாமா?"

பதில்: விடக்கூடாது. சிவப்பு ஃபியூஸ் 10 ஆம்பியர், மஞ்சள் 20. சிவப்பு போகிற அளவுக்குக் கரண்ட் ஓடுகிறது என்றால் எங்கோ ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசுகிறது. அல்லது காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஃபியூஸ் தடுத்துக்கொண்டிருந்ததை இப்போது ஒயர் தாங்கிக்கொண்டிருக்கிறது. காய்ந்த சருகும் டீசலும் இருக்கிற வண்டியில் ஒயர் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காயில் சாக்கெட்டைக் கழட்டிவிட்டுப் புது 10 ஆம்பியர் போடுங்கள். சுவிட்ச் ஆன் செய்ததும் போனால் பழுது ஒயரில். போகவில்லை என்றால் காயிலை அளந்து பாருங்கள். ஒயர் மட்கார்டுக்கு அடியில் வளைகிற இடத்தையும் எலி கடித்த தடத்தையும் முதலில் தேடுங்கள். ஷெட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறீர்கள் என்றால் எலிதான் என்று பாதி நிச்சயமாகச் சொல்வேன்.

கேள்வி: "எந்த மல்டிமீட்டர் வாங்குவது? விலை கூடியது வேண்டுமா?"

பதில்: இந்த வேலைக்குச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டி.சி 20 வோல்ட் என்ற இடத்தில் வையுங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகியபடி பேட்டரியைத் தொட்டுவிடாதீர்கள், நேரடி ஷார்ட். மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி இறங்கினால் தப்புத் தப்பாகக் காட்டும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மீட்டரோடு கூட ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பும், ஹோல்டரும், இரண்டு முழ ஒயரும் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். காயிலைக் கழட்டி வைத்திருக்கும்போது அதற்குப் பதில் இந்தப் பல்பைப் போட்டால் 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பல்பு மங்கலாக எரிந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் வழியில் அடைப்பு இருக்கிறது.